ஆங்கில ஒலிநயப் பயிற்சிக் கருவிகள்: வரலாறும் அளவுகோலும்

முன்னுரை

பிறமொழி ஒன்றைக் கற்போர், அதன் எழுத்தொலிகளைத் திருத்தமாக ஒலிக்கப் பழகிய பின்னரும், அம்மொழிக்குரியோரின் பேச்சினின்று தம் பேச்சு வேறுபட்டு நிற்பதை உணர்வர். இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி ஒலிநயத்தைச் சார்ந்தது. எந்த அசை நீள்கிறது, எந்த அசை குறுகுகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது, நிறுத்தம் எங்கே நேர்கிறது என்பவற்றின் தொகுதியை இக்கட்டுரை ஒலிநயம் எனக் குறிக்கிறது. அசை என்பதும் இங்கு ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிப்பலகையே ஆகும். யாப்பிலக்கணம் கூறும் நேரசை, நிரையசை என்பவற்றை அது குறிக்கவில்லை. நிரையசை இவ்வகையில் ஈரசை ஆகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ஃபோட்டோகிராஃப்’ என்னும் சொல்லில் முதலசை அழுத்தம் பெறும். அதனின்று பிறந்த ‘ஃபட்டாகிரஃபி’ என்னும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும். நகர்ந்தவுடன் முதலசையின் உயிர் தன் நிறத்தை இழந்து மங்கிக் குறுகும். எழுத்தில் மாறாத உயிர் ஒலிப்பில் மாறுகிறது. ‘ஆன்ட்’, ‘ஆஃப்’, ‘டு’ போன்ற சிறுசொற்களும் தொடருக்குள் நுழைந்ததும் இவ்வாறே தேய்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒலிக்கப் பழகிய இந்திய மாணவருக்கு இது எளிதில் கைவருவதில்லை.

இதனைப் பயிற்றுவிக்கக் கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் பல கருவிகள் தோன்றின. இசைக்குறியீடு, இசைத்தட்டு, ஒலிநாடா, கணிப்பொறி, கைப்பேசி என அவை வளர்ந்தன. ஒவ்வொரு கருவியும் தன்னால் அளக்க இயன்ற ஒன்றையே ஒலிநயம் எனக் கொண்டது. அவ்வாறு கொண்டது பின்னர் மொழியின் இயல்பாகவே நம்பப்பட்டது. அந்நம்பிக்கையின் அடிப்படையில் பிறமொழியாளரின் பேச்சு குறையுடையது என மதிப்பிடப்பட்டது. இதனை வரலாற்று நோக்கில் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இம்மதிப்பீட்டில் இந்திய மொழிகள் பெற்ற இடமும், தமிழ்ப்பேச்சை அளந்தபோது கிடைத்த முடிவும் உரிய இடத்தில் ஆராயப்படுகின்றன.

1. இசைக்குறியீடு

ஆங்கிலப் பேச்சின் ஒலிநயத்தைத் தாளில் பதிய முயன்றவர்களுள் முன்னோடியாகக் குறிக்கத்தக்கவர் ஜோசுவா ஸ்டீல். 1775இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் மான்போடோ பிரபு, மொழியின் தோற்றம் பற்றிய தம் நூலில், ஆங்கிலப் பேச்சில் இசை ஏற்ற இறக்கம் இல்லை என்றும், முரசொலியில் உள்ளதுபோல வன்மை மென்மை வேறுபாடு மட்டுமே உண்டு என்றும் எழுதியிருந்தார். இதனை மறுக்க ஸ்டீல், வில்லால் மீட்டும் வயோல் கருவியைப் பயன்படுத்தினார். நரம்பின்மேல் விரலை வழுக்கித் தம் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி, விரல் நின்ற இடங்களைக் குறித்துக்கொண்டார். புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக், ஹாம்லெட்டின் தனிமொழியை ஒலித்த முறையையும் குறியீடுகளால் எழுதிக்காட்டினார். இந்நூலின் திருத்திய பதிப்பு 1779இல் ‘புரோசோடியா ராஷனாலிஸ்’ என்னும் பெயரில் வெளிவந்தது.

ஸ்டீல் இசையினின்று ஏற்ற இறக்கக் குறிகளை எடுத்துக்கொண்டதோடு, தாளக் கட்டத்தையும் எடுத்துக்கொண்டார். இசையில் ஒரு கட்டத்துக்கும் மறு கட்டத்துக்கும் இடைப்பட்ட காலம் சமமானது. பேச்சிலும் அழுத்தம் பெற்ற அசைகள் சமகால இடைவெளியில் வருகின்றன என்றும், நாடித்துடிப்பும் நடையும்போல அது உடலின் இயல்பு என்றும் அவர் கருதினார். இக்கருத்தை அவர் அளந்து பெறவில்லை. அவர் கையாண்ட குறியீட்டு முறையே இதனைத் தந்தது. சமகாலக் கட்டங்களில் எழுதப்படும் எதுவும் சமகாலமுடையதாகவே தோன்றும். பிற்காலத்தில் ஆங்கில ஒலிநயத்தின் இலக்கணமாக வழங்கிய கோட்பாட்டின் வித்து இங்கே காணப்படுகிறது.

2. ஒலிப்பதிவு

1877இல் எடிசன் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவி பேச்சை மீண்டும் கேட்கச் செய்தது. 1901இல் ஜாக் ராஸ்டன் இலண்டனில் தொடங்கிய லிங்குவாபோன் நிறுவனம் ஒலிப்பதிவை மொழிப் பாடத்துக்கு உரிய வணிகப் பொருளாக்கியது. ஆசிரியரின் துணையின்றி மாணவர் வீட்டிலிருந்தபடியே கேட்டுக் கேட்டுப் பழகும் முறை இவ்வாறு பரவியது.

ஒலியியல் அறிஞர்களுக்கும் இசைத்தட்டு பயன்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டேனியல் ஜோன்ஸ் 1909இல் வெளியிட்ட ஏற்ற இறக்க வரைவுகள் பற்றிய நூல் இதற்குச் சான்றாகும். இசைத்தட்டு சுழலும்போது ஓர் அசை முடிந்ததும் ஊசியை உயர்த்தி, இறுதியாகச் செவியில் நின்ற ஒலியின் சுருதியை அவர் இசைக்கோடுகளின்மேல் குறித்தார். மீண்டும் ஊசியை வைத்து அடுத்த அசையைக் கேட்டார். இவ்வாறு பொறுமையுடன் தொகுத்த புள்ளிகளை இணைத்து வளைகோடுகளாக வரைந்தார். ஜார்ஜ் பெர்னார்டு ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் 1913இல் முதன்முதலாக அரங்கேறியபோது, பேராசிரியர் ஹிக்கின்ஸின் அறையில் ஒலிப்பதிவுக் கருவி இடம்பெற்றது, அக்காலத்து ஒலியியல் ஆய்வகத்தின் உண்மை நிலையைக் காட்டுவதாகும்.

1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆலோசகராகத் தோக்கியோ சென்ற ஹெரால்டு பாமர், அதே ஆண்டில் பயிற்சிகளுடன் கூடிய ஆங்கில ஏற்ற இறக்க நூலை வெளியிட்டார். லிலியஸ் ஆம்ஸ்ட்ராங், ஐடா வார்டு ஆகியோர் இணைந்து எழுதிய கையேடு 1926இல் வெளிவந்தது. கோடுகளாலும் புள்ளிகளாலும் தொனியைக் காட்டிய இந்நூல்கள், பேச்சு ஒழுங்கை வகுப்பறைப் பாடமாக்கின. பதிவு செய்யப்பட்ட குரல்களும், நூல்களில் விளக்கப்பட்ட பேச்சும் பெரும்பாலும் தென்னிங்கிலாந்தின் கற்றோர் பேச்சாகவே இருந்தன. எந்தப் பேச்சு பதிவாயிற்றோ அதுவே நெறியாயிற்று.

3. தந்திக்குறியும் இயந்திரத் துப்பாக்கியும்

1940இல் ஆர்தர் லாய்டு ஜேம்ஸ் தொலைபேசியில் பேச்சொலி பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். பிரித்தானிய வானொலியின் பேச்சுமொழி ஆலோசனைக் குழுவின் செயலராகப் பணியாற்றிய அவர், மொழிகளின் ஒலிநயத்தை இரண்டு உவமைகளால் விளக்கினார். ஒருவகை மோர்ஸ் தந்திக்குறி போன்றது. நீண்டும் குறுகியும் ஒலிப்பது. மற்றொரு வகை இயந்திரத் துப்பாக்கி போன்றது; ஒரே சீராக அடுத்தடுத்து வெடிப்பது. ஆங்கிலம் முதல் வகையைச் சார்ந்தது.

இவ்விரு உவமைகளுக்கும் 1945இல் அமெரிக்க மொழியியலார் கென்னத் பைக் கலைச்சொற்களை அமைத்தார். அழுத்தங்களுக்கு இடைப்பட்ட காலம் சமமாக அமையும் ஒலிநயத்தை அழுத்தக்கால ஒலிநயம் எனலாம். ஒவ்வோர் அசையும் சமகாலம் பெறுவதை அசைக்கால ஒலிநயம் எனலாம். ‘பாய்ஸ் பிளே டிரம்ஸ்’ என்னும் தொடரில் மூன்றசைகள் உள்ளன. ‘த பாய்ஸ் ஆர் பிளேயிங் த டிரம்ஸ்’ என்பதில் ஏழசைகள் உள்ளன. இரண்டிலும் அழுத்தங்கள் மூன்றே. ஆகையால் இரண்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கூறவேண்டும் என்று இக்கோட்பாட்டின்படி மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டது. ஆசிரியர் மேசையைத் தட்ட, தட்டுக்குத் தட்டு மாணவர் அழுத்தத்தைப் பொருத்தினர்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஏபர்குரோம்பி 1967இல் வெளியிட்ட பொது ஒலியியல் நூலில் இவ்விருமையை உலக மொழிகள் அனைத்துக்கும் விரித்தார். ஆங்கிலம், ரஷ்யன், அரபி ஆகியவை அழுத்தக்கால மொழிகள். பிரெஞ்சு, தெலுங்கு, யொரூபா ஆகியவை அசைக்கால மொழிகள் என்று அவர் குறித்தார். மார்புத் தசைகளின் துடிப்பே அசையைத் தோற்றுவிக்கிறது என்னும் கருத்தை இதற்கு அடிப்படையாகக் கொண்டார். இவ்வாறு, ஒரு திராவிட மொழி அசைக்கால மொழிக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூலில் இடம்பெற்றது. அதன்பின் தென்னிந்தியர் பேசும் ஆங்கிலத்தை விளக்க ‘இயந்திரத் துப்பாக்கி’ உவமையே போதுமானதாகக் கருதப்பட்டது. கேட்டவரின் செவியுணர்வு இங்கே அளவையின் இடத்தைப் பெற்றது என்பது கருதத்தக்கது.

4. மொழி ஆய்வுக்கூடமும் தற்பயிற்சிக் கருவியும்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் காந்த ஒலிநாடா பரவியது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியதைத் தொடர்ந்து அமெரிக்காவில் 1958இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறமொழிக் கல்விக்குப் பெருநிதி வழங்கியது. பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மொழி ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. நாடாவின் ஒரு தடத்தில் ஆசிரியர் குரலும், மறு தடத்தில் மாணவர் குரலும் பதிவாகும். மாணவர் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இம்முறையின் குறை எளிதில் விளங்கும். தீர்ப்புக் கூறும் செவி மாணவருடைய செவியே. தாய்மொழியின் ஒழுங்கில் பழகிய அச்செவிக்கு வேறுபாடே புலப்படாத நிலையில், பலமுறை ஒப்பிடுவதால் பயன் விளைவதில்லை. இக்குறையை நீக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹார்லன் லேன், ரோஜர் பியூட்டன் ஆகியோர் 1960களின் நடுப்பகுதியில் ஒரு கருவியை அமைத்தனர். பேச்சுத் தற்பயிற்சிக் கருவி எனப் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘செட்’ என ஒலிக்கும். மாதிரித் தொடரை மாணவர் கேட்டுத் திருப்பிச் சொல்வார். அவர் குரலின் சுருதி, ஒலிவலிமை, வேகம் ஆகிய மூன்றையும் கருவி பிரித்தெடுத்து மாதிரியுடன் ஒப்பிடும். வேறுபாட்டின் அளவை ஒரு முள் காட்டும். இன்றைய ஒலிநயப் பயிற்சி மென்பொருள்களின் அடிப்படைக் கூறுகள் அனைத்தும் இக்கருவியில் அமைந்திருந்தன. மாதிரி, போலச் சொல்லுதல், ஒப்பீடு, உடனடி மதிப்பீடு என்னும் நால்வகை ஒழுங்கு இன்றும் மாறவில்லை. தீர்ப்புக் கூறும் பொறுப்பு செவியினின்று பொறிக்கு மாறியது இக்கட்டத்திலேயாகும்.

கருவியின் துணையின்றி இசையின் வழியே ஒலிநயத்தைப் பயிற்றும் முறையும் உடன் வளர்ந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த கரோலின் கிரகாம் 1978இல் வெளியிட்ட ‘ஜாஸ் சான்ட்ஸ்’ பயிற்சிகள், அன்றாட உரையாடலை ஜாஸ் இசையின் தாளத்தில் அமைத்தன. மாணவர் இதனை விரும்பி ஏற்றனர். எனினும் இயல்பான பேச்சில் இல்லாத சமகாலத் தாளத்தை இசை தன் பங்கிற்கு மேலும் வலியுறுத்தியது. ஸ்டீலின் தாளக் கட்டம் இருநூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் வகுப்பறைக்கு வந்ததாக இதனைக் கொள்ளலாம்.

காட்சி வழிப் பயிற்சியும் இக்காலத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் போர்க்காலத்தில் உருவாக்கிய ஒலிநிழல் வரைவி, பேச்சைப் படமாகத் தந்தது. அது பற்றிய நூல் 1947இல் வெளிவந்தது. செவிப்புலன் அற்றோர் பேச்சைக் கண்ணால் படிக்க இது உதவும் என அவர்கள் எதிர்பார்த்தனர். பின்னர் இத்தகைய காட்சி முறைகள் பிறமொழிக் கல்விக்கு வந்தன. 1983இல் டச்சு மாணவர்களிடையே கீஸ் டி பாட் நிகழ்த்திய ஆய்வில், தம் குரலின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கண்டு பழகியோர், செவியால் மட்டும் கேட்டுப் பழகியோரைவிட நன்கு கற்றனர். கண்ணுக்குத் தெரிந்த பிழையைத் திருத்துதல் எளிது என்பது இதனால் உறுதியாயிற்று. 1990களில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகியோர் உருவாக்கி விலையின்றி வழங்கிய ‘பிராட்’ மென்பொருள், ஆய்வகத்தில் மட்டும் இருந்த இவ்வசதியை எந்தக் கணிப்பொறிக்கும் கொண்டுவந்தது.

5. கோட்பாட்டை மறுத்த அளவைகள்

பயிற்சிக் கருவிகள் அழுத்தக்காலக் கோட்பாட்டை ஏற்று வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஆய்வகக் கருவிகள் அதனை ஐயுறச் செய்தன. 1939இலேயே ஆந்த்ரே கிளாஸ், ஆங்கில உரைநடையின் ஒலிநயம் பற்றிய தம் நூலில், அழுத்தங்களுக்கு இடைப்பட்ட காலம் சமமாவது குறிப்பிட்ட சில சூழல்களில் மட்டுமே எனக் காட்டியிருந்தார். 1950களில் எடின்பரோவிலேயே பீட்டர் லடிபோகெட்டும் உடன் ஆய்வாளர்களும் மார்புத் தசைகளின் மின்துடிப்பை அளந்தபோது, அசைக்கு ஒரு துடிப்பு என்னும் கருத்து மெய்ப்படவில்லை. 1977இல் இல்ஸே லெஹிஸ்டே, சமகாலம் என்பது பெரிதும் கேட்போர் உணர்வில் நிகழ்வது என்று விளக்கினார்.

ஏபர்குரோம்பி எடுத்துக்காட்டிய அதே ஆறு மொழிகளைப் பீட்டர் ரோச் அளந்து 1982இல் முடிவை வெளியிட்டார். ஆங்கிலம், ரஷ்யன், அரபி ஆகியவற்றில் அழுத்த இடைவெளிகள் சமமாகவும், பிரெஞ்சு, தெலுங்கு, யொரூபா ஆகியவற்றில் அசைகள் சமமாகவும் இருத்தல் வேண்டும். அளவைகள் அவ்வாறு அமையவில்லை. மறு ஆண்டில் ரெபெக்கா டவர், அழுத்தக்கால மொழி எனப்பட்ட ஆங்கிலத்திலும் அசைக்கால மொழி எனப்பட்ட ஸ்பானியத்திலும் அழுத்த இடைவெளிகள் ஒத்த தன்மையிலேயே அமைகின்றன எனக் காட்டினார். அசையின் அமைப்பு, அழுத்தம் பெறாத உயிர் மங்குதல், சொல்லழுத்தத்தின் பணி ஆகியவற்றின் கூட்டு விளைவே ஒலிநயம் என்பது அவரது விளக்கம்.

தமிழ் பற்றிய ஆய்வும் இக்காலத்தில் நிகழ்ந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேச்சுத்தமிழின் ஒலியியலை ஆராய்ந்து 1972இல் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்த தி. பாலசுப்பிரமணியன், 1980இல் வெளியிட்ட கட்டுரையில் தமிழ்ப்பேச்சின் கால அளவுகளை ஆராய்ந்தார். தமிழ் அழுத்தக்கால மொழியும் அன்று. அசைக்கால மொழியும் அன்று என்பது அவர் கண்ட முடிவு. இரட்டைப் பாகுபாட்டில் தமிழுக்கு இடமில்லை என்பதை ரோச்சின் ஆய்வுக்கு முன்னரே தமிழ்ப்பேச்சின் அளவைகள் காட்டின.

2002இல் எஸ்தர் கிராபே, லோ ஈ லிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு மேலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர்கள் பதினெட்டு மொழிவகைகளை எடுத்துக்கொண்டனர். மொத்த இடைவெளிகளை விடுத்து, அடுத்தடுத்து வரும் இரண்டு உயிர்ப்பகுதிகளின் கால வேறுபாட்டைக் கணக்கிட்டு, பேச்சின் வேகத்தால் நேரும் மாற்றத்தை நீக்கி, ஒரு குறியீட்டெண்ணைப் பெற்றனர். எண் உயர்ந்தால் நெடுமையும் குறுமையும் மாறி மாறி வருகின்றன எனலாம். தாழ்ந்தால் உயிர்கள் ஒரே சீராக வருகின்றன எனலாம். பிரித்தானிய ஆங்கிலம் 57.2 பெற்றது. பிரெஞ்சு 43.5, ஸ்பானியம் 29.7. தமிழ் பெற்ற எண் 55.8. இயந்திரத் துப்பாக்கி உவமைக்கு உரியதாகக் கருதப்படக்கூடிய தமிழ், இவ்வளவையில் ஆங்கிலத்தின் அருகில் நின்றது.

இதனைக் கொண்டு தமிழும் ஆங்கிலமும் ஒரே ஒலிநயம் உடையவை என முடிவு செய்தல் பொருந்தாது. ஒரு மொழிக்கு ஒருவர் வீதமே அவ்வாய்வில் பேசினர். 2006இல் எலினார் கீன், பேச்சுத்தமிழையும் செந்தமிழையும் இத்தகைய அளவைகளால் ஆராய்ந்தபோது, இரண்டும் தம்முள் வேறுபட்டன, ஆங்கிலத்தினின்றும் வேறுபட்டன. இங்குக் கருதவேண்டுவது எண்ணின் பின்னுள்ள காரணம். ஆங்கிலத்தில் உயிர்கள் நீண்டும் குறுகியும் வருவது பெரிதும் அழுத்தத்தால் நேர்வது. தமிழில் அது குறில் நெடில் வேறுபாட்டால் நேர்வது. காரணங்கள் இரண்டாயினும் எண் ஏறத்தாழ ஒன்று. அளவைக்கு விளைவு மட்டுமே தெரியும், காரணம் தெரியாது. ஸ்டீலின் தாளக் கட்டத்துக்கு இருந்த அதே எல்லை இக்குறியீட்டெண்ணுக்கும் உண்டு.

6. மாத்திரைக் கோட்பாட்டின் ஒளியில்

தமிழிலக்கணம் ஒலியின் கால அளவை மாத்திரையால் குறிக்கிறது. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கைநொடிக்கும் பொழுதும் மாத்திரைக்கு அளவு எனத் தொல்காப்பியர் வகுத்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது அடிப்படை. இவ்வளவு சொல்லுக்கு உரியது, பொருளை வேறுபடுத்துவது. ‘படம்’ என்பதும் ‘பாடம்’ என்பதும் வேறு வேறு சொற்கள். அழுத்தத்தை எங்கு மாற்றினும் இச்சொற்களின் பொருள் மாறுவதில்லை.

தமிழ் மாணவர் ஆங்கில ஒலிநயத்தில் இடர்ப்படுவதன் காரணம் இதனால் தெளிவாகிறது. நீட்டலும் குறுக்கலும் அவர் நாவிற்குப் புதியன அல்ல. உயிரின் அளவு எழுத்துக்கு உரியது என்னும் பழக்கமே அவர் பேச்சில் மேலோங்குகிறது. ஆகவே, அழுத்தம் நீங்கியவுடன் உயிர் தேயவேண்டும் என்னும் ஆங்கில மரபு அவருக்கு அயலாகத் தோன்றுகிறது.

எனினும் இடம் நோக்கி உயிர் குறுகுதல் தமிழில் இல்லாததன்று. ‘பசு’ என்னும் சொல்லில் தனிக்குறிலை அடுத்த உகரம் தன் ஒரு மாத்திரையை முழுமையாகப் பெறும். ‘காசு’ என்னும் சொல்லில் அதே எழுத்து அரை மாத்திரையாகக் குறுகி, இதழ் குவியாமல் ஒலிக்கும். ஓரெழுத்து இரண்டு அளவு பெறுவதை முற்றியலுகரம், குற்றியலுகரம் எனப் பெயரிட்டு வரையறுத்தது நம் இலக்கணம். ஐகாரக்குறுக்கமும் இத்தகையதே. ஆங்கிலத்தில் குறுகுதல் அழுத்தத்தால் நிகழ்கிறது. தமிழில் சொல்லில் நிற்கும் இடத்தால் நிகழ்கிறது. நிகழும் சூழல் வேறாயினும், ‘எழுதியவாறே ஒலிப்பதில்லை’ என்னும் உண்மை இரண்டுக்கும் பொது. குற்றியலுகரத்தை அறிந்த மாணவருக்கு ஆங்கிலத்தின் மங்கிய உயிரை விளக்குதல், மேசையைத் தட்டித் தாளம் பயிற்றுவதைவிடப் பயனுடையதாக அமையக்கூடும். பிறமொழிக்கெனத் திட்டமிடப்பட்ட பொதுக் கருவிகள் கற்போரின் தாய்மொழியில் ஏற்கெனவே உள்ள இத்தகைய அறிவைக் கணக்கில் கொள்வதில்லை.

7. மதிப்பெண் இடும் பொறிகள்

இந்தியாவில் ஆங்கில ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்க 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அது பிற அயல்மொழிகளையும் ஏற்று, இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அந்நிறுவனம் 1969இல் வெளியிட்ட ஆர்.கே. பன்சாலின் ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்பதை ஆராய்ந்தது. விளங்காமைக்குச் சொல்லழுத்தம் மாறுபடுதல் முதன்மையான காரணங்களுள் ஒன்று என அது கண்டது. இவ்வாய்வின் கேள்வி ‘விளங்குகிறதா’ என்பது. ‘ஆங்கிலேயரைப் போல் உள்ளதா’ என்பதன்று. இவ்விரண்டு கேள்விகளும் பின்னர் ஒன்றோடொன்று குழம்பின.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்டினேட் நிறுவனம் தொலைபேசி வழியே பேச்சுத் தேர்வு நடத்திப் பொறியே மதிப்பெண் இடும் முறையைக் கொண்டுவந்தது. ‘போன்பாஸ்’ எனத் தொடங்கிய அத்தேர்வு பின்னர் ‘வெர்சன்ட்’ எனப் பெயர் பெற்றது. சரளம் என்னும் தலைப்பில் ஒலிநயம், சொற்றொடர்ப் பிரிப்பு, கால அளவு ஆகியவை அதில் மதிப்பிடப்படுகின்றன. தேர்வர் கூறும் தொடரைப் பொறி ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கால அளவையும் நிறுத்தங்களையும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் பேச்சிலிருந்து பெற்ற அளவுகளோடு ஒப்பிடுகிறது. அமெரிக்கத் தேர்வு நிறுவனமான ஈ.டி.எஸ். 2006இல் தன் பயிற்சித் தேர்வுகளுக்கு ‘ஸ்பீச்ரேட்டர்’ என்னும் பொறியைப் பயன்படுத்தத் தொடங்கியது. அழைப்பு மையங்கள் பெருகிய 2000களில் இந்தியாவில் இத்தகைய தேர்வுகளும், கல்லூரிகளில் கணிப்பொறி வழி மொழி ஆய்வுக்கூடங்களும் பரவின. இன்று கைப்பேசிச் செயலிகளே இப்பணியைச் செய்கின்றன.

இக்கட்டத்தில் ஒலிநயம் வகுப்பறைப் பொருளாக மட்டும் நிற்பதில்லை. வேலையும் உயர்கல்வியும் அதனைச் சார்கின்றன. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்று, எழுத்துக்கு எழுத்து ஆங்கிலம் ஒலிக்கக் கற்ற மாணவரின் பேச்சு, கேட்போருக்கு நன்கு விளங்கினும், பொறியின் கணக்கில் தாழ்ந்து போகக்கூடும். ஆசிரியர் ஒருவர் குறை கூறினால் ஏன் என்று கேட்கலாம். எண்ணாக வரும் தீர்ப்பை அவ்வாறு கேட்க இடமில்லை.

இக்கேள்வியை எழுப்பியவர்களுள் ஜெனிபர் ஜென்கின்ஸ் குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கொண்டோர் தமக்குள் பேசும்போது எவ்வொலிக்கூறுகள் பிழைபட்டால் பொருள் விளங்காமற் போகிறது என ஆராய்ந்து, 2000இல் அவர் ஓர் அடிப்படைப் பட்டியலை வகுத்தார். உயிர்களின் நெடுமை குறுமை வேறுபாடும், தொடரின் முதன்மையழுத்தமும் அதில் இடம்பெற்றன. அழுத்தக்கால ஒலிநயமும் சிறுசொற்களின் தேய்வும் இடம்பெறவில்லை. சொல்லழுத்தத்தையும் அவர் சேர்க்கவில்லை. பன்சாலின் முடிவோடு இது மாறுபடுகிறது. பன்சால் கருதியது பிரித்தானியர் முதலிய பிறர் கேட்பதை. ஜென்கின்ஸ் கருதியது பிறமொழியாளர் தமக்குள் கேட்பதை. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறுகிறது என்பதற்கு இம்மாறுபாடே சான்று. பொறியோ கேட்பவர் ஒருவரே எனக் கொள்கிறது.

மாதிரிக் குரலின் தேர்வும் இதனோடு தொடர்புடையது. 2002இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், கற்போரின் குரலுக்கு நெருங்கிய மாதிரியைத் தந்தால் கற்றல் சிறக்கிறது எனக் காட்டினர். யாருடைய குரல் மாதிரியாகிறது என்பது கற்றலின் பயனையே பாதிக்கும் என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஆங்கிலம் சமகால அழுத்தங்களால் இயங்குகிறது என்னும் கருத்து, இசைக்குறியீட்டின் கட்டங்களில் தோன்றி, உவமைகளால் பரவி, கலைச்சொற்களால் நிலைபெற்றது. ஆய்வக அளவைகள் அதனை ஏற்கவில்லை. ஆயினும் பயிற்சி முறைகளில் அக்கருத்து இன்றும் வாழ்கிறது. அழுத்தம் பெறாத உயிர் மங்குதலும், கருத்துக்கு உரிய சொல் மேலெழுதலும் ஆங்கிலத்தின் உண்மையான இயல்புகள். இவற்றைப் பயிற்றுவிக்கக் கருவிகள் பெரிதும் துணைசெய்கின்றன. தம் குரலைக் கண்ணால் காணும் வாய்ப்பு முன்னைய தலைமுறையினருக்குக் கிட்டாத பேறு. அக்கருவியே பயிற்சியாளர் நிலையிலிருந்து தீர்ப்பாளர் நிலைக்கு மாறும்போதுதான் அதன் அளவுகோலை ஆராயும் தேவை எழுகிறது.

இந்திய மொழிகளின் ஒலிநயம் அளக்கப்படாமலே வகைப்படுத்தப்பட்டது. அளந்தபோது அவ்வகைப்பாடு தளர்ந்தது. இத்துறையில் தமிழாய்வாளர் செய்யத்தக்க பணி உண்டு. வட்டார வழக்குகள் பலவற்றிலும் உயிர்களின் கால அளவு, குற்றியலுகரத்தின் இன்றைய நிலை, தமிழர் பேசும் ஆங்கிலத்தில் இவை செலுத்தும் தாக்கம் ஆகியவை பலர் பேச்சைக் கொண்டு அளக்கப்பட வேண்டும். ‘பிராட்’ போன்ற மென்பொருளும் ஒரு நல்ல ஒலிவாங்கியும் இருந்தால் எந்தத் தமிழ்த்துறையிலும் இவ்வாய்வைத் தொடங்க இயலும். எழுத்துக்கு மாத்திரை வகுத்த மரபில் பயின்றோர், அம்மாத்திரை இன்றைய பேச்சில் எவ்வாறு நிற்கிறது என அளந்து கூறுவாராயின், நம் மாணவரின் ஆங்கிலத்தை மதிப்பிடும் பொறிகளின் எண்களை வினவுவதற்கு உறுதியான சான்று கிடைக்கும்.